மருந்து தங்காத உடம்பு

கோகிலவாணி ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மறு கையால் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

நித்யகல்யாணி எடுத்துப் பார்த்தாள். மெய்ந்நலம் ஆய்வு மையத்தின் தகுதிச் சீட்டு. பெயர், வயது முப்பத்தாறு, வாலண்டியர் எண். அதன் கீழே ஒரே ஒரு வரி: ஈரல் துளை எண் 312, இயல்பு. அடியில் அவளுடைய கையெழுத்து. அந்த மையத்தின் நுண்ணோக்கிப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. நாளொன்றுக்கு அறுபது சீட்டில் அவள் கையெழுத்து விழுந்துகொண்டிருந்தது.

"என்னுதுதான். உக்காருங்க. என்னாச்சு?"

"உக்கார முடியாதுங்க. தையல் போட்டிருக்குது. நின்னுட்டே சொல்றன்."

அவள் நின்றபடியே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"பன்னண்டு நாளைக்கு முந்தி குடல்வால் வீங்கிப் போச்சுங்க. உடனே ஆப்பரேசன் பண்ணோணும்னுட்டாங்க. மயக்க மருந்து குடுக்கற டாக்டரு வந்து, வேற ஏதாச்சும் மாத்தர சாப்புடறீங்களான்னு கேட்டாரு. நாலு வருசமா மருந்து ட்ரையலுக்குப் போறவன்னு சொன்னனுங்க. அவரு யோசிச்சாரு. என்ற வீட்டுக்காரரு இந்தச் சீட்டை எடுத்துக் காட்டுனாரு. ஈரல் இயல்பாத்தான இருக்குது, அப்பறம் என்னன்னுட்டு ஊசியைப் போட்டாரு. கண்ணு சொக்கீருச்சு. அப்பறம் முழிச்சுக்கிட்டன்."

"ஆப்பரேசன் முடிஞ்சப்பறமா?"

"அப்பத்தானுங்க அறுத்துட்டு இருந்தாங்க."

நித்யகல்யாணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"கண்ணைத் தொறக்க முடியலை. வெரலை அசைக்க முடியலை. கத்தலாம்னா வாயில குழாய். ஆனா எல்லாம் தெரியுதுங்க. உள்ளார கைய விட்டு இழுக்கறது தெரியுது. பெரிய டாக்டரு பழைய காரைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கலாமான்னு பேசிட்டிருந்தாரு. நர்ஸு பஞ்சு எண்ணுச்சு. ஏழு வரைக்கும் எண்ணிட்டு, மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணுச்சு. நானும் கூடவே எண்ணுனனுங்க. வேற என்ன பண்றது."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னன். கனவு கண்டிருப்பீங்கன்னாரு பெரிய டாக்டரு. அவரு சம்சாரத்துக்கு எந்தக் கலர் காரு புடிக்காதுன்னு அவரு பேசுனதைத் திருப்பிச் சொன்னனுங்க. எந்திரிச்சுப் போனவருதான், அந்த ரூமு பக்கமே வரலை." அவள் மூச்சு வாங்கினாள். "இப்ப வலிக்கு ஊசி போட்டா நர்ஸு கதவைத் தாண்டறதுக்குள்ள வலி வந்துருது. புண்ணு சீப்புடிச்சிருக்குது. ஆன்டிபயாட்டிக் ஏத்தறாங்க, காச்சல் எறங்க மாட்டேங்குது. என்ற உடம்புல எந்த மருந்தும் நிக்கறதில்லீங்க. இதுல இயல்புன்னு போட்டிருக்கறீங்க. எது இயல்புன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தன்."

நித்யகல்யாணி சீட்டை மறுபடி எடுத்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

திருப்பூரில் பனியன்களை இயந்திரங்கள் தாமாகவே தைக்கத் தொடங்கிய பிறகு, வேலை இழந்த தையல்காரர்களையும் செக்கிங் பெண்களையும் தேடி வந்தது மெய்ந்நலம் மையம். புது மருந்துகளை முதலில் மனித உடம்பில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு உடம்புகள் வேண்டும். ஆனால் ஒரு மருந்தைச் சாப்பிட்ட வாலண்டியர், உடம்பு அதை முழுதாகக் கழுவி வெளியேற்றும்வரை, தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மையத்தின் தலைவர் தீனதயாளனுக்கு அந்தத் தொண்ணூறு நாள் பெரிய இடைஞ்சல்.

அதற்காக வந்ததுதான் திறப்பு மாத்திரை. ஈரலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் முழுவதும் துளைகள் உண்டு. ரத்தத்தில் வரும் மருந்து அந்தத் துளைகள் வழியாகத்தான் ஈரலுக்குள் போய் முறிபடுகிறது. ஒரு செல்லில் முந்நூறு போல இருக்கும் துளைகளை மாத்திரை எண்ணூறாகப் பெருக்கும். உடம்பிலிருக்கும் மருந்து சில நாட்களில் ஒட்டுமொத்தமாகக் கழுவிப் போகும். ஒன்பதாம் நாள் துளைகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டால் வாலண்டியர் அடுத்த மருந்துக்குத் தயார். காலண்டரைப் பார்க்க வேண்டாம், துளையை எண்ணினால் போதும் என்று விதியே மாற்றப்பட்டது.

எண்ணும் முறையைக் கண்டுபிடித்தவள் நித்யகல்யாணி. முதுமையில் இந்தத் துளைகள் மூடிக்கொள்கின்றன. அதனால் வயதானவர்களின் ரத்தத்தில் மருந்து தேங்கி விஷமாகிறது. அவர்களுக்குச் சரியான அளவைச் சொல்லத்தான் அவள் பதினோரு வருடம் அந்த நுண்ணோக்கியோடு கிடந்தாள். அதற்கு ஆதரவு தர யாரும் வரவில்லை. தீனதயாளன் வந்தார்.

"உங்க ஈரல்ல ஊசி விட்டு எடுத்த கடைசி மாதிரி கண்ணாடிச் சில்லுல இருக்கு" என்றாள் நித்யகல்யாணி. "குளிர் அறையில அஞ்சு வருசம் வெச்சிருப்போம். அதைப் படம் எடுத்துப் பாக்கணும்னா நீங்க கையெழுத்துப் போடணும். மாதிரி குடுத்தவங்க சம்மதம் இல்லாம மறுபடி அதைத் தொடக்கூடாதுன்னு சட்டம்."

"ஏனுங், அப்ப படமே எடுக்காமயா இதுல எழுதுனீங்க?"

"மெஷின் படம் எடுத்து எண்ணிரும். எண்ணு மட்டும்தான் எனக்கு வரும். படம் அழிஞ்சிரும்."

கோகிலவாணி பேனாவை எடுத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

படம் வர இருபது நிமிடமாகும். நுண்ணோக்கி அறையில் இருட்டாக இருந்தது. பச்சைப் புள்ளிகள் திரையில் மினுங்கி மினுங்கி அணைந்தன.

"என்னுங்க இது, மின்மினிப் பூச்சியாட்டம்?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க. ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள ஆயிரம் துளையை வரிசையா வெக்கலாம், அவ்வளவு சின்னது. சாதாரண வெளிச்சத்துல பாத்தா மொத்தமும் ஒரே மூட்டமாத்தான் தெரியும். ஒரு மரம் பூராவும் மின்மினி ஒண்ணா எரிஞ்சா எது எங்க இருக்குன்னு தெரியாதில்லீங்களா? ஒவ்வொண்ணா மினுங்குனா ஒவ்வொண்ணுத்துக்கும் ஒரு புள்ளி வெக்கலாம். செல்லுல ஒரு சாயம் தடவி, கொஞ்சம் கொஞ்சமா மினுங்க விடறோம். இருபதாயிரம் தடவை எடுத்து எல்லாப் புள்ளியையும் சேத்தா, துளை தெரியும்."

படம் சேர்ந்து வந்தது. நித்யகல்யாணி நூற்றுக்கணக்கான ஈரல் செல்களைப் பார்த்தவள். சுற்றிலும் கெட்டியான விளிம்பு, நடுவே வட்டமான சிறு துளைகள், சல்லடை சல்லடையாக. அவற்றை அவள் அழகு என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். திரையில் வந்தது அதுவல்ல. அதை என்னவென்று சொல்வது என்று அவள் தடுமாறினாள்.

கோகிலவாணி தடுமாறவில்லை. பதினான்கு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடுவதுதான் அவள் வேலையாக இருந்தது.

"கண்ணி விட்டுப்போயிருக்குதுங்க" என்றாள். "இங்க பாருங்க. பக்கத்துப் பக்கத்துல இருந்த ஓட்டைக்கு நடுவால இழை அத்துப்போச்சு. ரெண்டு ஓட்டை ஒரு ஓட்டையாயிருச்சு. இங்க நாலஞ்சு சேந்து ஒரே கிழிசலு. இதை எண்ணுனா கம்மியாத்தான வரும்?"

நித்யகல்யாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணூறு துளைகள் மூடிக்கொண்டு முந்நூறாகவில்லை. எண்ணூறும் ஒன்றோடொன்று கிழிந்து முந்நூறு கிழிசல்களாகியிருந்தன. கிழிசல்கள் மூடிக்கொள்ளாது. விளிம்பைப் பிடித்திருந்த இழைகளே இல்லை. இந்த ஈரலுக்குள் எது வந்தாலும் தடையில்லாமல் போய் முறிந்துவிடும். இயந்திரம் 312 என்று எண்ணியிருந்தது. எண்ணிக்கையில் பிழை இல்லை.

"ஆப்பரேசன்ல எனக்குக் கையி காலு மட்டும் ஏனுங்க அசையலை? அந்த மருந்து மட்டும் எப்பிடி நின்னுச்சு?"

அந்தக் கேள்வி வரக்கூடாது என்று நித்யகல்யாணி நினைத்திருந்தாள்.

"அசையாம வெக்கறதுக்குக் குடுக்கற மருந்து ரத்தத்துலயே தானா கரையற வகை. அதுக்கு ஈரல் வேண்டியதில்லை. தூங்க வெக்கற மருந்துதான் ஈரல் வழியாப் போகும். அது போயிருச்சு. இது நின்னுருச்சு."

கோகிலவாணி தலையாட்டினாள். கணக்கு வாத்தியார் விடையைச் சொன்னதும் தலையாட்டுவது போல. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தையல் போட்ட வயிறு நோக, சத்தமில்லாமல் அழுதாள். நித்யகல்யாணி தொடப் போனாள். "வேண்டாங்க" என்றாள்.

தீனதயாளன் படத்தைப் பார்த்தார். அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் நித்யகல்யாணியை முதலில் உலுக்கியது.

"ஒரு சிலருக்குத் துளை ஒண்ணோடொண்ணு சேந்துக்கும்னு ஆரம்பத்துலயே ஒரு பேச்சு இருந்தது, நித்யா."

"எனக்கு யாரும் சொல்லலை."

"உங்களுக்கு இருந்த வேலையில இது வேறயான்னு விட்டோம்."

"எத்தனை பேருக்கு?"

"பாக்கலை."

"ஏன் பாக்கலை?"

"பாத்தா தெரிஞ்சிருமே." அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எளிய நிர்வாக விஷயத்தைப் புதிய ஊழியருக்கு விளக்குவது போலச் சொன்னார். "தெரிஞ்சா அறிக்கை குடுக்கணும். குடுத்தா எல்லா ட்ரையலும் நிக்கும். அதை நம்பி இருக்கற குடும்பங்க எத்தனைன்னு உங்களுக்குத் தெரியும்."

"அந்தக் குடும்பத்துப் பொம்பளை ஒருத்தி முழிச்சுக்கிட்டே வயித்தை அறுக்கக் குடுத்திருக்கா."

"அது ஆஸ்பத்திரிக்காரங்க தப்பு. சத்தம் போடாதீங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு கூட்டக் குறிப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். மூன்று வருடத்துக்கு முந்தையது. மாதிரிகள் குவிகின்றன, படங்களைச் சேமிக்க இடமில்லை என்ற விவாதத்தின் கீழே பதிவாகியிருந்தது: 'படம் தேவையில்லை, எண் போதும். நித்யகல்யாணி.'

அவள் சொன்னதுதான். அந்த மதியம்கூட நினைவிருந்தது. வேலை தீரவில்லை என்ற எரிச்சலில், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அரை நொடியில் சொன்ன வாக்கியம்.

"நானும் இதுல இருக்கேன், நீங்களும் இருக்கீங்க" என்றார் தீனதயாளன். "வீட்டுக்குப் போய் நல்லா யோசிங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாதிரிகளுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் அவள்தான். நேராகக் குளிர் அறைக்குப் போய்க் கதவைப் பூட்டி, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் முத்திரையை ஒட்டினாள். அங்கேயே நின்று, தன் பெயரை முதல் குற்றவாளியாகப் போட்டுப் புகார் எழுதி அனுப்பினாள். எழுதும்போது 'பாத்தா தெரிஞ்சிருமே' என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை. அதைவிட, படம் வேண்டாம் என்ற தன் குரல்.

கோகிலவாணியின் காய்ச்சல் நூற்றுநான்கைத் தொட்டிருந்தது. நித்யகல்யாணிக்குத் தெரிந்த ஒரே வழி, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பது. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த, தன்னுடன் படித்த மருத்துவரிடம் போய்ப் படத்தைக் காட்டி, மன்றாடி, இடுப்பில் கட்டும் சிறிய பம்பு ஒன்றை வாங்கினாள். ஆன்டிபயாட்டிக் ஆறு மடங்கு அளவில், இருபத்துநான்கு மணி நேரமும், ஒரு நிமிடம்கூட நிற்காமல் நரம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பம்பு பதினைந்து நிமிடம் நின்றால் காய்ச்சல் மறுபடி ஏறியது.

செய்தி பரவ, மற்ற வாலண்டியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். தலைவலி மாத்திரை கேட்கவில்லை என்றவர்கள், சர்க்கரை மாத்திரை போட்டும் சர்க்கரை குறையாதவர்கள், வலிப்பு மறுபடி வந்து ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர். ஆளுக்குக் கடைசிக் கண்ணாடி ஒன்றைப் பார்க்கக் கையெழுத்துப் போட்டார்கள். நித்யகல்யாணி இந்த முறை ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்தாள். முந்நூற்றெண்பத்தெட்டு பேருக்குக் கிழிந்திருந்தது.

விசாரணை சென்னையில் நடந்தது. குழுத் தலைவர் சர்வோத்தமன், சுகாதாரத் துறையில் மூத்த அதிகாரி. மரியாதையாகப் பேசுகிறவர். கோகிலவாணிக்கு நாற்காலி போடச் சொன்னார், அவள் இடுப்பிலிருந்த பம்பைப் பார்த்து மின்விசிறியைக் குறைக்கச் சொன்னார். மையத்தின் வழக்கறிஞர் ஒரு மணி நேரம் பேசினார். எல்லாரும் சம்மதம் தந்தவர்கள். சம்மதப் படிவத்தின் பதினேழாம் பக்கத்தில் 'எதிர்பாராத மாற்றங்கள்' என்று இருக்கிறது. துளை எண் விதிப்படி சரியாகவே எண்ணப்பட்டிருக்கிறது.

நித்யகல்யாணி படங்களைக் காட்டினாள். குழுவில் ஒருவர் கொட்டாவியை மறைத்தார்.

கடைசியில் சர்வோத்தமன் கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப வருந்தத்தக்க விஷயம். இதை யாரும் மறுக்கல. ஆனா, முந்நூத்தி எண்பத்தெட்டு பேர். வரையறுக்கப்பட்ட பாதிப்புதான். பொதுமக்களுக்கு இதனால ஆபத்தில்லங்கறதையும் நாங்க கணக்குல எடுத்துக்கணும்."

"ஒரு கேள்வி கேக்கலாங்களா?" என்றாள் கோகிலவாணி.

"கேளுங்கம்மா."

"நாங்க பொதுமக்கள் இல்லீங்களா?"

சர்வோத்தமன் முகம் சிவந்தது. "நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"சரிங்க, அதை விட்டுருவம். இன்னொண்ணு. எங்களுக்கு எதுக்குங்க மருந்து குடுத்தாங்க? எவ்வளவு குடுத்தா உடம்புல நிக்குது, எவ்வளவு குடுத்தா தலை சுத்துதுன்னு பாக்கறதுக்கு. பாத்து, இவ்வளவு சாப்புடலாம்னு டப்பாவுல எழுதறதுக்கு. சரிதானுங்களே?"

"ஆமா."

"எங்க உடம்புல எதுவுமே நிக்கலீங்க. நிக்கலைன்னதும் அளவைக் கூட்டிக் கூட்டிக் குடுத்தாங்க. அப்பவும் தலை சுத்தலை, வாந்தி வரலை. பக்க விளைவு ஒண்ணுமில்லைன்னு எழுதிக்கிட்டாங்க. ஓட்டப் பானைக்கு ஊத்துன அளவைத்தானுங்க இப்ப நல்ல பானைக்கு ஊத்திட்டு இருக்கறீங்க. நாலு வருசமா எங்க மேல பாத்த மருந்தெல்லாம் எங்க இருக்குது? கடையில இருக்குது. உங்க வீட்டுல இருக்குது."

வழக்கறிஞர் தன் காகிதங்களைப் பார்த்தார். கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஈரலையும் துளையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நித்யகல்யாணிக்கு இது தோன்றியிருக்கவில்லை.

"எத்தனை மருந்து?" என்று கேட்டார் சர்வோத்தமன். குரல் மாறியிருந்தது.

"அறுபத்து மூணு" என்றாள் நித்யகல்யாணி.

ஆறு வாரமாக அசையாத அரசாங்கம் அன்று மதியம் இரண்டு மணி நேரத்தில் ஆணை போட்டது. அறுபத்து மூன்றையும் நிறுத்திவிட முடியாது, அவற்றில் சில இல்லாமல் ஆட்கள் செத்துப்போவார்கள். எந்த மருந்து கிழிந்த ஈரல்களில் சோதிக்கப்பட்டது, எது கிழிவதற்கு முன்னால் சோதிக்கப்பட்டது என்று பிரிக்க வேண்டும். அதற்கு நாலு வருடக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் நித்யகல்யாணி படமெடுத்துப் படிக்க வேண்டும். வாலண்டியர்கள் அனைவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி வர அவளுக்கு உத்தரவு. தொழில்நுட்ப ஆலோசகராக, 'இத்துறையில் நீண்ட அனுபவமுள்ள' தீனதயாளனை நியமித்திருந்தார்கள்.

நித்யகல்யாணி ஆணையை ரயிலில் மூன்று முறை படித்தாள். வாலண்டியர்களுக்குச் சிகிச்சை என்ற சொல் எங்கும் இல்லை.

திருப்பூரில், கோகிலவாணி குடியிருந்த லைன் வீட்டுக்கு முன்னால் வாலண்டியர்கள் முப்பது பேர் போலக் கூடியிருந்தார்கள். கோகிலவாணி படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, உதடு அசைய, அவசரமில்லாமல் படித்தாள்.

"இதுல நம்மள என்ன பண்ணுவாங்கன்னு ஒரு வரி இல்லீங்க."

"இல்லை" என்றாள் நித்யகல்யாணி. "நானும் பாத்துட்டேன்."

"அப்பக் கையெழுத்து இல்லை."

அவள் கணவன் பூபதி சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். மெதுவாகச் சொன்னான்: "கோகிலா, ஊரு ஒலகமே அந்த மாத்தரயத் தின்னுட்டு இருக்குது. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்பறம்?"

"நாம கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிசம் நம்மள மறந்துருவாங்க. உனக்கு நாளைக்கு வண்டியில அடிபட்டா மயக்க மருந்து நிக்கும். எனக்கு நிக்காது. இதா, இந்த முப்பது பேருக்கும் நிக்காது. இந்தப் பம்பு எத்தனை நாளைக்கு? இதைக் கழட்டுனா என்ன வழி? ஓட்டையை அடைக்க முடியுமா முடியாதான்னு ஒருத்தனாச்சும் ஆராய்ச்சி பண்றானா? அதை எழுதட்டும். எழுதுனாப் போடறன்." அவள் குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது. "எனக்கு மட்டும் சந்தோசமாங்க இது? யாரோ ஒரு கெழவி அளவு மிஞ்சின மாத்தரயத் தின்னுட்டுப் படுத்திருப்பா. எனக்கும் தெரியும்."

நித்யகல்யாணி வெற்றுப் படிவங்களைப் பைக்குள் திரும்ப வைத்தாள். அன்று மாலையே துறைக்கு இரண்டு வரி அனுப்பினாள்: அவர்கள் கேட்பதை எழுதிக் கொடுக்கும்வரை நானும் படம் படிக்க மாட்டேன். தீனதயாளன் இருக்கும் குழுவில் எப்போதும் படிக்க மாட்டேன்.

மிரட்டல்கள் வந்தன. தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, மக்கள் உயிரைப் பணயம் வைக்கும் கும்பல் என்றார்கள். நாலு வருடம் தங்கள் உயிரைப் பணயம் வைத்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நித்யகல்யாணி தொலைக்காட்சியை நிறுத்தினாள். அதை உடைத்திருப்பாள், உடைத்து என்ன ஆகப்போகிறது.

ஒன்பதாம் நாள் மதியம், அவள் கோகிலவாணி வீட்டில் பம்பு மருந்து மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சர்வோத்தமன்.

"இது ஆபீஸ் விஷயமா இல்லம்மா" என்றார். "என் பொண்ணுக்கு வலிப்பு. பத்தொன்பது வயசு. ரெண்டு வருஷமா அந்தப் புது மாத்திரை. அறுபத்து மூணுல அதுவும் இருக்கு. இப்பல்லாம் பகல் முழுக்கத் தூங்கறா. நேத்து எழுப்பினா என்னை யாருன்னு கேட்டா. அது ஒண்ணை மட்டும் பாத்துச் சொல்ல முடியுமா?"

நித்யகல்யாணி போனைக் கோகிலவாணியிடம் நீட்டினாள். "இவங்ககிட்டக் கேளுங்க. சம்மதம் இவங்களோடது."

கோகிலவாணி முழுதாகக் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. வலிப்பு மாத்திரை ட்ரையலில் அவள் இருந்திருக்கிறாள், போன வருடம் தை மாதம்.

"பாப்பாவுக்குத் தெரியுதுங்களா, தனக்கு என்ன ஆகுதுன்னு?"

"சில நேரம் தெரியுது. பயப்படறா. சொல்ல முடியல அவளால."

கோகிலவாணி கண்ணை மூடித் திறந்தாள். "அந்த ஒரு கண்ணாடிக்கு நான் கையெழுத்துப் போடறன். என்னோடதுக்கு மட்டும். வெய்ங்க போனை."

இருவரும் பூபதியின் ஆட்டோவில் மையத்துக்குப் போனார்கள். இருபது நிமிடம் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. தை மாதத்து ஈரல் திரையில் வந்தது. கிழிந்திருந்தது.

கோகிலவாணியே அழைத்துச் சொன்னாள். "ஓட்டப் பானையில பாத்த மருந்துதானுங்க. அளவு ரொம்ப அதிகம். சட்டுன்னு நிறுத்திராதீங்க, வலிப்பு வந்துருமாம். டாக்டரை வெச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைங்க. எப்பிடின்னு மேடம் எழுதி அனுப்புவாங்க."

மறுமுனையில் சர்வோத்தமன் பேச முயன்று நிறுத்தினார். "உங்களுக்கு நான்..."

"நன்றி வேண்டாங்க. அந்தப் பாப்பாவுக்காகப் பண்ணுனன். மேசை மேல அசைய முடியாமக் கெடந்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். மத்த அறுபத்தி ரெண்டும் எழுதிக் குடுத்தாத்தான். அது மாறாது."

போனில் நாற்காலியை இழுக்கும் சத்தம், காகிதம் புரளும் சத்தம்.

"என்ன எழுதணும், சொல்லுங்கம்மா."

கோகிலவாணி நுண்ணோக்கி மேசையில் சாய்ந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதலுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நானூத்திப் பன்னண்டு பேருக்கும், அவங்க ஆயுசு இருக்கற வரைக்கும், வைத்தியம் அரசாங்கத்தோட பொறுப்பு. இது கருணை இல்லை. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"கருணை இல்லைங்கறதையும்?"

"அதையும்."

"சரிங்க. இப்பப் படிச்சுக் காட்டுங்க."